உடையவன் யார்?

பணம் கொடுத்தோம், பத்திரம் பெற்றோம், பதிவேட்டிலே பெயர் ஏறிற்று. எனவே பொருள் நம்முடையது! இப்படித்தான் நாடு எண்ணுகிறது. நாமும் அவ்வாறே எண்ணிப் பழகிவிட்டோம். சட்டத்தின் கண்ணுக்கு அது போதும். வழக்குமன்றம் அதற்குமேல் கேட்பதில்லை. ஆனால் அறத்தின் மன்றம் என்று ஒன்று இருக்கிறதே, அங்கே வேறொரு கேள்வி எழுகிறது. "உன்னுடையது என்கிறாய், அது எவ்வாறு இயங்குகிறது என்பதை அறிவாயா? இயங்காது நின்றுவிட்டால், எதனால் நின்றது என்பதையேனும் எண்ணிப் பார்ப்பாயா?" என்பதே அக்கேள்வி. இரண்டுக்கும் விடை 'இல்லை' என்றால், நாம் பொருளுக்கு உடையவரா, பொருள் நமக்கு உடையவனா?

பெரிய பெரிய தத்துவங்களைத் துணைக்கழைத்து இதனை ஆராயலாம். நாம் அதற்குச் செல்லவில்லை. சிறியதொரு பொருளை எடுத்துக்கொள்கிறோம். டீசல் காரிலே, எரிபொருள் தொட்டிக்கும் என்ஜினுக்கும் இடையே, தண்ணீர்க் குவளை அளவிலே ஒரு கலம் இருக்கிறது. டீசல் வடிகட்டி என்று நாம் எழுதுகிறோம். பட்டறையிலே 'டீசல் பில்டர்' என்பார்கள். குறித்த தொலைவு ஓடியதும் அதனை மாற்றியாக வேண்டும். அந்த வேலையை வீட்டு வாயிலிலே நம் கையாலேயே செய்யலாமா? செய்யத்தான் வேண்டுமா? செய்வதிலே அறம் என்று சொல்ல ஏதேனும் உண்டா?

"வடிகட்டிக்கும் அறமா!" என்று நகைப்போர் நகைக்கட்டும். மேடையிலே மட்டும் பேசப்பட்டு, மாலையோடு வாடிப்போவது அறமன்று. அன்றாட வேலையிலே, அழுக்குப் படிந்த கையிலே, அயலானோடு பழகும் முறையிலே தங்குவதே அறம். சிறு பொருளிலே தெளிவு பெறாதவர் பெரும் பொருளிலே தெளிவு பெற்றார் என்பது நம்பத்தக்க செய்தியன்று.

முதலிலே பொருளை அறிவோம். பெட்ரோல் என்ஜினிலே மின்பொறி தீ மூட்டுகிறது. டீசல் என்ஜினிலே பொறி கிடையாது. காற்றை மட்டும் உள்ளிழுத்து, அதனைப் பதினைந்தில் ஒரு பங்கு, இருபதில் ஒரு பங்கு என்னும் அளவுக்குச் சுருக்குகிறது. நெருக்குண்ட காற்று 500 டிகிரி சென்டிகிரேடுக்கும் மேலாகச் சூடேறுகிறது. அந்த வெங்காற்றிலே டீசலைப் பனித்துளியினும் நுண்ணிய தூறலாகப் பீச்சினால், தானே பற்றிக்கொள்கிறது. பீச்சும் கருவிக்கு இன்ஜெக்டர் என்று பெயர். இந்நாளைய கார்களிலே இந்தப் பீச்சலுக்கு 1,600 பார், சிலவற்றில் 2,000 பாருக்கும் மேற்பட்ட அழுத்தம் வேண்டியிருக்கிறது. கார் டயரிலே நாம் அடைக்கும் காற்றின் அழுத்தம் 2 பாருக்குச் சற்று அதிகம். அதனைப்போல ஏறத்தாழ எழுநூறு மடங்கு!

இத்தனை அழுத்தத்தைத் தாங்கும் கருவியின் உள்ளே, அசையும் உறுப்புக்கும் அதன் உறைக்கும் உள்ள இடைவெளி சில மைக்ரான் மட்டுமே. ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறாக்கினால் அதிலே ஒரு கூறு ஒரு மைக்ரான். நமது தலைமயிரின் பருமன் ஏறக்குறைய 70 மைக்ரான். எனவே கண்ணுக்கே தெரியாத தூசுத் துகளொன்று அங்கே புகுந்தாலும், அது பாறை புகுந்தது போலத்தான். தண்ணீர் புகுந்தாலோ கேடு இன்னும் பெரிது. டீசல் எரிபொருள் மட்டுமன்று. பம்பின் உறுப்புகளுக்கு வழவழப்பு எண்ணெயும் அதுவே. தண்ணீர் அந்த வழவழப்பைக் கெடுக்கும், துருவையும் ஏற்றும்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது? தொட்டி அரைகுறையாக இருக்கும்போது, மேலே உள்ள காற்றின் ஈரம் இரவுக் குளிரிலே திவலையாகிக் கீழே இறங்குகிறது. எரிபொருள் தங்கி வரும் கிடங்குகளிலும் இதே நிகழ்ச்சி நடைபெறுகிறது. டீசலும் நீரும் சந்திக்கும் எல்லையிலே நுண்ணுயிர்கள் குடியேறிக் கருநிறப் பசையையும் உண்டாக்குகின்றன. இவையனைத்தையும் தடுத்து நிறுத்துவதே வடிகட்டியின் பணி. மடிப்பு மடிப்பாக அமைந்த தாள் தூசைப் பிடிக்கிறது. அடிக்கலம் தண்ணீரைத் தேக்கி வைக்கிறது. தேங்கியது நிரம்பி, தாள் அடைபட்டுப் போனால், ஏற்றத்திலே வண்டி இழுக்க மறுக்கிறது. காலையிலே கிளம்ப மறுக்கிறது.

நோயும் தெரிந்தது, மருந்தும் தெரிந்தது. மருந்தின் விலையோ, அது காப்பாற்றும் பம்பின் விலைக்கு முன்னே அற்பம். பின், படித்த கார்க்காரர் அதனருகே செல்ல ஏன் அஞ்சுகிறார்? அறிவு போதாதா? அல்ல. அறிவு இருக்கிறது, கை வர மறுக்கிறது. எண்ணெய் பட்ட கை இழிந்த கை என்று யாரோ என்றோ எழுதி வைத்த கணக்கை, பட்டம் பெற்ற பின்னரும் நாம் அழித்தோமில்லை. பேனா பிடிக்கும் கை உயர்வு, ஸ்பேனர் பிடிக்கும் கை தாழ்வு! இந்தக் கணக்கு எந்தப் பழைய ஏட்டிலே தொடங்கியது என்பதை இந்த ஏட்டின் வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை.

நம் நாட்டுப்புறத்தைப் பாருங்கள். மின்சார மோட்டார் எட்டாத கிணற்று மேடுகளிலே எத்தனை ஆண்டுகள் ஆயில் என்ஜின்கள் தண்ணீர் இறைத்தன! எண்ணெய் தீர்ந்து என்ஜின் நின்றால், உழவர் பெருமகன் நகரத்துக்கு ஆள் அனுப்பிவிட்டுத் திண்ணையிலே காத்திருந்தாரா? இல்லை. எண்ணெயை ஊற்றினார், திருகாணியைத் தளர்த்தினார், கைப்பம்பை அடித்தார், நுரை வருவதைப் பார்த்தார், நுரை நின்று தெளிந்த எண்ணெய் வந்ததும் முறுக்கினார், சக்கரத்தைச் சுற்றினார், என்ஜின் முழங்கிற்று. 'ஏர் எடுப்பது' என்று அவர் அதற்குப் பெயரிட்டார். ஏர் பிடித்த கைக்கு இந்த ஏரை எடுப்பதும் எளிதாயிற்று! பள்ளியிலே பல ஆண்டுகள் பயின்ற நாம் அறியாததை, பள்ளியின் படியேறாத பலர் அறிந்திருந்தனர். யார் படித்தவர், யார் படியாதவர் என்ற வினாவுக்குச் சான்றிதழ் மட்டும் விடையாகாது.

ஏர் எடுப்பது ஏன்? அதிலேதான் பாடம் முழுவதும் அடங்கியிருக்கிறது. பழைய வடிகட்டியைக் கழற்றியதும் குழாயிலே காற்று புகுந்துவிடுகிறது. காற்றை அழுத்தினால் சுருங்கும். நீர்மத்தை அழுத்தினால் அவ்வாறு சுருங்காது. பம்பு எத்துணைதான் அழுத்தினாலும், நடுவிலே உள்ள காற்றுக் குமிழி சுருங்கிச் சுருங்கி, அழுத்தத்தை எல்லாம் தானே விழுங்கிக்கொள்கிறது; இன்ஜெக்டருக்குப் போய்ச் சேருவதில்லை. சாவியைத் திருப்பத் திருப்ப ஸ்டார்ட்டர் சுற்றும், என்ஜின் பற்றாது. வழவழப்பின்றி வறண்டு சுற்றும் பம்பு தேய்ந்தும் போகும்.

நாம் கலைப் பட்டம் பெற்றவர்கள். வகுப்பிலே வரலாறு சொல்லித் தருபவர்கள். அறிவியல் நமது பாடமன்று. ஆனால் பக்கத்து அறையிலே நடப்பது நமது காதிலே விழாமற் போகுமா? 1662ஆம் ஆண்டிலே ராபர்ட் பாயில் வெளியிட்ட விதி அங்கே ஆண்டுதோறும் ஒலிக்கிறது. அழுத்தம் கூடினால் வளியின் பருமன் குறையும் என்று மாணவர் ஒப்பிக்கின்றனர். மதிப்பெண் முழுமையாகக் கிடைக்கிறது. அதே மாணவர், தந்தையின் கார் கிளம்பாமல் நிற்கும்போது, பாயில் விதிதான் பானெட்டின் கீழே வழிமறித்து நிற்கிறது என்பதை அறியார். விதி தேர்வுத் தாளிலே தங்கிவிட்டது, வீதிக்கு வரவில்லை. ஏட்டிலே உள்ள அறிவு கையிலே இறங்கும் வரையிலே அது பிறர் அறிவே, நம் அறிவன்று.

வேலையின் முறையைச் சற்றே விரித்துரைப்போம். முதல் கருவி ஸ்பேனரன்று, படிப்பு. காருடன் தரப்பட்ட கையேட்டைப் படிக்க வேண்டும். சிலவற்றில் வடிகட்டி பானெட்டின் கீழே இருக்கும். சிலவற்றில் வண்டியின் அடிப்பாகத்திலே இருக்கும். எந்த வடிகட்டி பொருந்தும், எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்பனவெல்லாம் வண்டிக்கு வண்டி வேறுபடும். அண்டை வீட்டுக்காரர் சொன்னது அவர் வண்டிக்கு உண்மை. நம் வண்டிக்கும் உண்மையாக வேண்டுமென்பதில்லை.

என்ஜின் ஆறிய பிறகு, சமதரையிலே, காற்றோட்டமான இடத்திலே வண்டியை நிறுத்தி, கைப்பிரேக் இட்டு, தொடங்க வேண்டும். அருகிலே பீடியும் சிகரெட்டும் கூடா. கையுறையும் கண்ணாடியும் வேண்டும். கழற்றுமுன் வடிகட்டியைச் சுற்றிலும் துடைத்துத் தூய்மையாக்க வேண்டும்; திறந்தபின் விழும் தூசு நேரே இன்ஜெக்டரை நோக்கிப் பயணப்படும். எந்தக் குழாய் எங்கே இருந்தது என்பதைக் கைப்பேசியிலே படம் பிடித்துக்கொள்ளலாம். கீழே தட்டு வைத்து, அடித் திருகைத் தளர்த்தி, வருவதைக் கண்ணாடிப் புட்டியிலே பிடித்தால், சிறிது நேரத்திலே டீசல் மேலும் தண்ணீர் கீழுமாகப் பிரிந்து நிற்கும். அந்தப் புட்டியைச் சிறுவர்க்குக் காட்டுங்கள். "வண்டி ஏன் இழுக்கவில்லை?" என்ற கேள்விக்கு, கண்ணாலே காணத்தக்க விடை அது.

பழைய ரப்பர் வளையம் ஒட்டிக்கொண்டு மேலேயே தங்கிவிட்டதா என்று பார்த்து எடுத்துவிட வேண்டும். புதிய வளையத்திலே தூய டீசலைத் தடவி, அம்புக்குறி காட்டும் திசையிலே வடிகட்டியைப் பொருத்தி, கையேடு கூறும் அளவுக்கே முறுக்க வேண்டும். வலிமையைக் காட்டும் இடமன்று அது. புதிய வடிகட்டியிலே முன்னதாகவே டீசலை ஊற்றி நிரப்பும் பழக்கம் சிலருக்கு உண்டு. வடிகட்டப்படாத டீசலை, வடிகட்டிய டீசல் செல்லும் பக்கத்திலே ஊற்றினால், காவற்காரனைத் தாண்டித் திருடனை உள்ளே அனுப்பியது போலாகும். ஆகவே கையேடு இசைந்தாலொழிய அது வேண்டா.

பிறகு ஏர் எடுத்தல். கைப்பம்பு உள்ள வண்டியிலே, கையிலே அது கெட்டிப்படும் வரை அழுத்த வேண்டும்; காற்றுத் திருகு இருப்பின், குமிழி நின்று தெளிந்த டீசல் வந்ததும் முறுக்கிவிட வேண்டும். தொட்டிக்குள்ளே மின்பம்பு உள்ள வண்டியிலே, என்ஜினைக் கிளப்பாமல் சாவியை 'ஆன்' நிலைக்குத் திருப்பிச் சில நொடி நிறுத்தி, அணைத்து, மீண்டும் திருப்ப வேண்டும். பலமுறை இவ்வாறு செய்தால் பம்பே காற்றைத் தள்ளிவிடும். அதன் பின்னரே கிளப்ப வேண்டும். பத்து நொடிக்குள் பற்றவில்லையெனில் நிறுத்தி, ஸ்டார்ட்டருக்கு ஓய்வு தந்து, மறுபடி முயல வேண்டும். பற்றியதும் சிறிது நேரம் தடுமாறும், பிறகு சீராகும். கசிவு உண்டா என்று பார்த்து, சிந்தியதைத் துடைத்துவிட்டால் வேலை முடிந்தது. இதிலே மந்திரம் எங்கே? மறைபொருள் எங்கே? காரணம், காரியம், பொறுமை—இவ்வளவுதான்.

இங்கே எச்சரிக்கை ஒன்றை அழுத்தந்திருத்தமாகக் கூறியாக வேண்டும். பழைய ஆயில் என்ஜினிலே, இன்ஜெக்டருக்குச் செல்லும் குழாயின் நட்டைத் தளர்த்திக் காற்றை விடுவது வழக்கம். அந்த என்ஜினுக்கு அது சரி. 1997இலே இத்தாலியிலே ஆல்பா ரோமியோ 156 காரின் மூலம் சந்தைக்கு வந்து, பின்னர் உலகெங்கும் பரவிய 'காமன் ரெயில்' முறையிலே, அந்தக் குழாயைத் தளர்த்துவது உயிருக்கே உலை. அங்கிருந்து சீறும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே பாயும். மேலே ஊசி குத்தியது போன்ற சிறு புள்ளிதான் தெரியும். உள்ளே சதை அழியும். அப்படி நேர்ந்தால் ஒரு கணமும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

இதைப் பாதுகாப்புக் குறிப்பாக மட்டும் நாம் கூறவில்லை. பாட்டன் செய்தான், அவன் செய்தது அன்று அறிவுடைமை. காரணத்தை அறிந்து செய்தான். பேரன் காரணத்தை விட்டுச் செயலை மட்டும் பற்றிக்கொண்டால், அதே செயல் இன்று அறியாமை. காரணம் மாறியபின் முறை மாறாதிருப்பது மரபைப் போற்றுவதன்று; பாட்டனின் அறிவைப் பழிப்பது. பட்டறையிலே உண்மையாயிருப்பது சமுதாயத்திலேயும் உண்மை என்பதை எண்ணிப் பாருங்கள்.

"எல்லோரும் தம் வேலையைத் தாமே செய்துகொண்டால், பட்டறைத் தொழிலாளியின் வயிற்றிலே அடிப்பதாகாதா?" என்று ஒரு நல்ல உள்ளம் கேட்கக்கூடும். நேர்மையான கேள்வி. இதனைத் தட்டிக்கழிக்க நமக்கு உரிமையில்லை. நம் விடை இது: வேலையை எல்லாம் பறித்துக்கொள்ளுங்கள் என்று நாம் கூறவில்லை, அறிவை ஒதுக்காதீர்கள் என்றே கூறுகிறோம். ஒருமுறையேனும் செய்து பாருங்கள், அறிந்தவர் ஒருவரைப் பக்கத்திலே வைத்துக்கொண்டு. அதன்பின் மறுமுறையும் நீங்களே செய்யலாம். அல்லது பட்டறையிலே ஒப்படைக்கலாம். ஆனால் அறிந்து ஒப்படைப்பது வேறு, அறியாமல் சரணடைவது வேறு.

அறியாமைக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தது கண்மூடித்தனமான நம்பிக்கை. இளையது கண்மூடித்தனமான ஐயம். பானெட்டைத் திறக்கவே தெரியாதவர் முதல்நாள் மெக்கானிக்கைக் கடவுளாக்குகிறார். மறுநாள், "அவன் ஏமாற்றிவிட்டான்" என்று கள்வனாக்குகிறார். இரண்டும் தொழிலாளிக்கு இழைக்கும் அநீதி. ஏர் எடுக்கையிலே கை வலித்தவர், அதே வேலையை வெயிலிலே, வண்டியின் அடியிலே மல்லாந்து கிடந்து செய்பவருக்குக் கூலி தரும்போது பேரம் பேச மாட்டார். "அண்ணே, வளையம் புதிதுதானே?" என்று கேட்பார், அவரும் முகம் சுளிக்காமல் பழைய வளையத்தை எடுத்துக் காட்டுவார். கேட்பவர் அறிந்தவர், சொல்பவர் அதனினும் அறிந்தவர், இருவரும் மனிதர். மதிப்பு என்பது இப்படிப்பட்ட இடத்திலேதான் பிறக்கிறது.

மறைத்து வைக்கப்படும் அறிவு என்ன செய்யும் என்பதற்குச் சான்று தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. டீசல் காரின் வரலாற்றிலேயே இருக்கிறது. 2015ஆம் ஆண்டு செப்டம்பரிலே அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் ஒரு செய்தியை வெளியிட்டது. வோக்ஸ்வேகன் நிறுவனத்தின் டீசல் கார்களிலே, சோதனை நடைபெறுவதைத் தானே கண்டுகொண்டு, அவ்வேளையில் மட்டும் நச்சுப் புகையைக் குறைத்துக் காட்டும் கணினிக் கட்டளை ஒளிந்திருந்தது. உலகெங்கும் ஏறத்தாழ 1 கோடியே 10 லட்சம் கார்களிலே இந்த ஏமாற்று இருந்ததை அந்நிறுவனமே ஒப்புக்கொண்டது. வடிகட்டியை மாற்றத் தெரிந்தவர் இதனைக் கண்டுபிடித்திருப்பார் என்று நாம் கதை கட்டவில்லை. கண்டவர்கள் மேற்கு வர்ஜீனியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள். என்ன செய்தார்கள்? சோதனைச் சாலையின் சான்றிதழை வாங்கி வைத்துக்கொண்டு உறங்காமல், அளக்கும் கருவியை வண்டியிலே ஏற்றி, சாலையிலே ஓட்டி, தாமே அளந்து பார்த்தார்கள். "சொன்னார்கள், நம்பினோம்" என்பதற்குப் பதிலாக, "சொல்கிறீர்கள், பார்க்கிறோம்" என்றார்கள். பெரிய ஆய்வாளருக்குரிய அந்தப் பெரிய குணத்தின் சிறிய விதைதான், கண்ணாடிப் புட்டியிலே தண்ணீர் பிரிகிறதா என்று பார்ப்பது.

பொருளை வாங்கியவர் அதனைத் தாமே பழுது பார்க்கவோ, தாம் விரும்பும் பட்டறையிலே கொடுக்கவோ உரிமை வேண்டும் என்ற குரல் இன்று உலகிலே எழுந்திருக்கிறது. 2012இலே அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநில மக்கள் கார்களுக்கான பழுதுபார்ப்பு உரிமையை வாக்களித்தே பெற்றனர். இந்தியாவிலே நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையிலே இதற்கென ஒரு குழு அமைத்தது. விவசாயக் கருவிகளும் மோட்டார் வாகனங்களும் அதன் ஆய்வுக்குரியவை ஆயின. மகிழ்கிறோம். ஆனால் உரிமை வந்து கதவைத் தட்டும்போது, கையிலே திறமையின்றி உட்கார்ந்திருந்தால் பயன் யாது? உரிமையைக் கேட்பவர் கையும் பழக வேண்டும்.

இந்த என்ஜினைப் படைத்தவரே இத்தகைய எண்ணங்களோடு போராடியவர் என்பது பலரும் அறியாத செய்தி. ருடால்ப் டீசல் 1893இலே காப்புரிமை பெற்றார். 1897இலே ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரிலே அவரது என்ஜின் வெற்றிகரமாக ஓடிற்று. பெரிய ஆலைகளின் நீராவி இயந்திரத்தோடு போட்டியிட முடியாமல் நசுங்கிய சிறு கைத்தொழிலாளருக்கு, சிறியதும் சிக்கனமானதுமான ஒரு விசை துணையாகட்டும் என்பது அவரது ஆசைகளிலே ஒன்று. 1903இலே 'சாலிடரிஸ்மஸ்' என்று ஒரு நூலே எழுதினார். தொழிலாளர் சிறு சிறு தொகைகளை ஒன்று சேர்த்துத் தொழிற்சாலைகளைத் தாமே உடைமையாக்கிக்கொள்ளும் திட்டம் அது. நூல் வரவேற்புப் பெறவில்லை. 1913இலே கப்பற் பயணத்திலே அவர் மறைந்தார். என்ஜின் உலகை வலம் வந்தது. எண்ணம் நூலகத்திலே தங்கிவிட்டது. உழைப்பவரே உடையவராக வேண்டும் என்று அவர் கனவு கண்டார். இன்றைய உடையவரோ, ஒரு திருகு தூரம்கூட உழைப்பின் பக்கம் வரத் தயங்குகிறார்!

தன் கையாலே வேலை செய்தவருக்குக் கடமை ஒன்றும் கூடுகிறது. கழற்றிய வடிகட்டியையும் வடித்த டீசலையும் என்ன செய்வது? இருட்டிலே சாக்கடையிலே ஊற்றிவிட்டால் யார் காணப்போகிறார்? நாம் காண்கிறோமே, அது போதாதா! சாக்கடை ஏரிக்குச் செல்கிறது; மண்ணிலே ஊற்றியது கிணற்றுக்கு இறங்குகிறது. மூடியுள்ள கலத்திலே சேர்த்து, கழிவெண்ணெய் வாங்கும் பட்டறையிலே ஒப்படைப்பதுதான் முறை. பம்பைக் காப்பாற்றியவர் பக்கத்து வீட்டுக் கிணற்றைக் கெடுத்தால், அவரது திறமைக்கு அறம் என்று பெயரிட இயலாது.

டீசல் புகையே நஞ்சு என்பதையும் மறைக்கப் போவதில்லை. 2012 ஜூனிலே உலக நலவாழ்வு நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பன என்ற முதல் பிரிவிலே அதனைச் சேர்த்தது. 2020 ஏப்ரல் 1 முதல் நம் நாட்டிலே கடுமையான பி.எஸ். 6 விதி வந்தபோது, சிறிய டீசல் கார்கள் பல சந்தையை விட்டே விலகின. "மறையப்போகும் வண்டிக்கு இத்தனை பாடமா?" எனலாம். வண்டி மறையட்டும். அதனிடம் கற்ற பழக்கம் மறைய வேண்டியதில்லை. நாளை மின்சாரக் கார் வரும். அதன் பெட்டிக்குப் பூட்டு இன்னும் பெரிதாயிருக்கும். கேட்கப் பழகிய நாவும், தொடப் பழகிய கையும், எதைத் தொடக் கூடாதென்று அறிந்த அறிவும் அன்றும் வேண்டும்.

ஆண்டுக்கொருமுறை வண்டிக்குச் சந்தனம் பூசி, மாலையிட்டு, சக்கரத்தின் கீழே எலுமிச்சம்பழத்தை நசுக்கிச் செல்வோரை அறிவோம். பொருளிடம் நன்றி பாராட்டுகிறோம் என்கிறார்கள். நன்றி நல்லதே. ஆனால் எலுமிச்சம்பழம் நசுங்கினால் அடிக்கலத்துத் தண்ணீர் வடியுமா? மாலையின் மணம் காற்றுக் குமிழியைத் தள்ளுமா? அந்தப் பழத்துக்கு நடக்கும் நேரத்திலே அடித் திருகைத் தளர்த்தியிருந்தால், பொருளுக்கு உண்மையான நன்றி அதுவன்றோ!

இன்னொன்றும் கூற வேண்டும். இந்தப் பாடத்தை நாம் பையன்களுக்கு மட்டும் ஒதுக்குகிறோம். "நீ உள்ளே உட்கார், அம்மா; இது ஆண்பிள்ளை வேலை" என்கிறோம். நள்ளிரவிலே, நெடுஞ்சாலையிலே, வண்டி நின்றுவிட்டால், அது ஓட்டுபவர் ஆணா பெண்ணா என்று பார்த்தா நிற்கிறது? தங்கையின் கையிலே ஸ்பேனரைக் கொடுங்கள். கை கறுக்கும், சோப்புப் போட்டால் போய்விடும். அச்சம் ஏறிவிட்டாலோ, அதைக் கழுவ எந்தச் சோப்பும் கிடையாது.

எனவே தோழர்களே, மாணவ மணிகளே, பெரிய மாற்றங்களைப் பற்றி நாம் நாள்தோறும் பேசுகிறோம், பேசத்தான் வேண்டும். அத்துடன் இந்தச் சிறு வேலையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வீட்டிலே கார் இல்லாதிருக்கலாம். நம்மில் பலருக்கு இல்லை. அப்படியெனில் வயலிலே என்ஜின் இருக்கும், அடுக்களையிலே அடுப்பு இருக்கும், சுவரிலே மின்விசிறியின் சுவிட்ச் இருக்கும். ஒன்றைத் தேர்ந்துகொண்டு, அது எப்படி இயங்குகிறது என்று கேளுங்கள். அறிந்தவரிடம் தலைவணங்காமல், தலைக்கனமும் இன்றிக் கேளுங்கள். ஆபத்தின் எல்லையை அறிந்துகொண்டு கை வையுங்கள். கற்றதை இன்னொருவருக்குச் சொல்லிக் கொடுங்கள். பணம் கொடுத்தவன் வாங்கியவன் ஆவான், அவ்வளவுதான். அறிந்து, பேணி, அதனால் அயலானுக்குக் கேடு வராமல் காப்பவன் எவனோ, எவளோ, அவரே உடையவர்.